மான், ஜனாஸா, சுருக்குவலை: அறப் பிணக்கில் நியாயம் எதுவரை செல்லும்?

ஒரு செயல் சரியா பிழையா என்ற வாக்குவாதம் சூடேறியதும் இரண்டு பேச்சுகள் காதில் விழும். ஒன்று, ‘இதெல்லாம் அவரவர் மனச்சாட்சி, கதைத்து என்ன பயன்’ என்பது. மற்றது, ‘உண்மையை எடுத்துச் சொன்னால் யாரும் ஏற்றுக்கொள்வார்கள்’ என்பது. முதலாவது, கதை தொடங்கும் முன்பே வாயை அடைக்கிறது. இரண்டாவது, ஏற்றுக்கொள்ளாதவரை மூடராகவோ கெட்டவராகவோ காண வைக்கிறது. திருகோணமலை மாவட்டத்தில் சைவரும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் பௌத்தர்களும் ஒரே சந்தையில் மீன் வாங்கி, ஒரே ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கிறார்கள். இங்கே இரண்டு பேச்சுமே ஆபத்தானவை.

ஒரு அறப் பிணக்குக்குள் குறைந்தது நான்கு கேள்விகள் சிக்கிக் கிடக்கும். உண்மையில் என்ன நடக்கிறது? எதை நாம் பெரிதாக மதிக்கிறோம்? அந்த மதிப்பை எல்லோருக்கும் ஒரே அளவில் பிரயோகிக்கிறோமா? முடிவெடுக்கும் உரிமை யாருக்கு? நியாயம் கேட்பதன் முதல் வேலை இவற்றைப் பிரிப்பது. பிரித்துப் பார்த்தால், மனிதர் முரண்படும் இடம் பல நேரங்களில் அவர்கள் நினைத்த இடத்தில் இருப்பதில்லை. பெரும்பாலான பிணக்குகள் நியாயம் முடிந்துபோகும் எல்லைக்கு வரவே இல்லை. அதற்கு வெகு முன்னாலேயே கைவிடப்படுகின்றன. நம் ஊர்ப் பக்கத்து மூன்று விடயங்களை வைத்து இதைப் பார்க்கலாம்.

மானுக்குப் பாண் கொடுக்கலாமா

பிரெட்ரிக் கோட்டைக்குள்ளும் அதை ஒட்டிய வீதிகளிலும் புள்ளிமான்கள் திரிவதைத் திருகோணமலைக்கு வரும் எவரும் காண்பார்கள். கோணேசர் கோயிலுக்கு ஏறிப் போகிறவர்கள் சிலர் பாண், பிஸ்கற், மிஞ்சிய சோறு என்று கையில் இருப்பதைக் கொடுக்கிறார்கள். வாயில்லாச் சீவனுக்குக் கொடுப்பது புண்ணியம் என்பது அவர்களின் எண்ணம். கொடுப்பது தீங்கு என்போர் மறுபக்கம். கேட்பவருக்கு இது இரக்கத்துக்கும் கண்டிப்புக்கும் இடையிலான சண்டை போலத் தோன்றும்.

மானின் வயிற்றைப் பார்த்தால் சண்டையின் உருவம் மாறிவிடும். அசைபோடும் விலங்கான மானுக்கு நான்கு அறைகள் கொண்ட இரைப்பை. முதல் அறையில் வாழும் நுண்ணுயிர்கள்தாம் புல்லின், இலையின் நாரைப் புளிக்க வைத்துச் சத்தாக்குகின்றன. பாண், சோறு போன்ற மாவுச்சத்து ஒரேயடியாகச் சேர்ந்தால் அந்த அறையில் அமிலம் ஏறும், நுண்ணுயிர்கள் சாகும், விலங்கு தீனி எடுக்காது. பொலித்தீன் பையின் கதை இன்னும் மோசம். முதல் அறைகளைத் தாண்டிச் செல்லும் வழி ஒடுக்கமானது. நன்றாக அரைபட்ட சிறு துகள்களே அதன் வழியே போகும். பொலித்தீன் அரைபடாது, செரிக்காது, அங்கேயே சுருண்டு கிடக்கும். வயிறு நிறைந்திருக்கிறது என்ற உணர்வோடு மான் பட்டினியில் மெலியும்.

இதை அறிந்த பின், கொடுப்பவரும் தடுப்பவரும் விரும்பியது ஒன்றுதான் என்பது தெரியவரும்: மான் நன்றாக இருக்க வேண்டும். அவர்கள் முரண்பட்டது தகவலில். அமெரிக்கத் தத்துவவாதி சார்ள்ஸ் ஸ்டீவன்சன் 1944இல் இந்த வேறுபாட்டை அழுத்திச் சொன்னார்: நம்பிக்கையில் வரும் முரண்பாடு வேறு, விருப்பு வெறுப்பில் வரும் முரண்பாடு வேறு. முதல் வகையைத் தகவல் தீர்க்கும்.

ஒருவர் இதையெல்லாம் கேட்டபின்னும் ‘நான் நேர்ந்துகொண்டது, கொடுத்தே தீருவேன்’ என்றால், பிணக்கு இடம் மாறிவிட்டது. இப்போது பேச்சு மானைப் பற்றியதல்ல, நேர்த்திக்கடனைப் பற்றியது. அதற்கும் பதில் உண்டு. நேர்த்தியை மானுக்குத் தீங்கில்லாத வழியில் நிறைவேற்ற முடியும். ஆனால் இடம் மாறியதைக் கவனிக்காமல் மானின் வயிற்றைப் பற்றியே கத்திக்கொண்டிருந்தால் ஒருவரும் நகரமாட்டார்கள்.

நிலத்தடி நீர் என்ற காரணம்

2020 ஏப்ரலில் வெளிவந்த வர்த்தமானி, கொவிட் தொற்றால் இறந்தோரின் உடல்களைத் தகனம் செய்வதைக் கட்டாயமாக்கியது. கிண்ணியாவிலும் மூதூரிலும் புல்மோட்டையிலும் வாழும் முஸ்லிம் குடும்பங்களுக்கு ஜனாஸாவை (இறந்தவர் உடலை) குளிப்பாட்டி, கபன் துணியால் சுற்றி, தொழுவித்து நல்லடக்கம் செய்வது மார்க்கக் கடமை. அந்தக் கடமைக்குக் குறுக்கே வைக்கப்பட்ட காரணம், புதைத்தால் கிருமி நிலத்தடி நீரில் கலக்கும் என்பது.

இந்தப் பயத்தைக் கேட்டவுடன் முட்டாள்தனம் என்று தள்ளுவதும் சரியல்ல. நம் கரையோர மணற்பாங்கான ஊர்களில் கிணற்று நீர் சில அடி ஆழத்திலேயே கிடைக்கும். மலசலகூடக் குழி அருகில் இருந்தால் கிணறு கெடும் என்பது வீட்டுக்கு வீடு தெரிந்தது. ஆகவே கேள்வி நியாயமானது. நியாயமான கேள்விக்கு நியாயமான சோதனைகளும் உண்டு.

முதல் சோதனை, சொல்லப்பட்ட விளைவு நடக்கக்கூடியதா என்பது. வைரஸ் உயிருள்ள கலத்துக்குள் மட்டுமே பெருகும். இறந்த உடலுக்குள் அது பெருக வழியில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே வெளியிட்ட வழிகாட்டலில் அடக்கம், தகனம் இரண்டுக்கும் இடமளித்திருந்தது. இரண்டாவது சோதனை, அதே காரணத்தை மற்ற இடங்களிலும் பிரயோகித்தார்களா என்பது. உயிரோடிருக்கும் நோயாளியின் மலத்திலும் கிருமியின் தடயம் வெளியேறும். நீரைப் பற்றிய பயம் உண்மையானால், முதலில் மூடவேண்டியது நோயாளிகள் இருந்த வீடுகளின் மலக்குழிகள். அதை யாரும் கேட்கவில்லை. ஒரு காரணம் ஒரேயொரு இடத்தில் மட்டும் பேசி, அதைவிடப் பெரிய இடத்தில் வாய் மூடியிருந்தால், முடிவைத் தூக்கி நிறுத்தியிருப்பது அந்தக் காரணம் அல்ல.

மூன்றாவது சோதனை, இழப்பு யார் தலையில் விழுகிறது என்பது. தகனமே வழக்கமான குடும்பத்துக்கு இந்த ஆணையால் பெரிதாக எதுவும் மாறவில்லை. அதனால் அங்கே பலர் இழப்பைக் காணவில்லை. ஆனால் சைவத்திலும் பச்சிளம் குழந்தையை எரிப்பதில்லை, துறவியைச் சமாதி வைப்பார்கள். கிழக்கில் அடக்கமே வழக்கமான சைவக் குடும்பங்களும் பல. ‘உன் கைக்குழந்தையை எரிக்கச் சொன்னால்?’ என்ற கேள்வி வெளியிலிருந்து வந்த வாதம் அல்ல. கேட்பவரின் சொந்த மரபுக்குள்ளேயே அதற்கு விடை இருக்கிறது. அந்த டிசம்பரில் பிறந்து 20 நாளான முஸ்லிம் குழந்தை ஒன்று கொழும்பில் தகனம் செய்யப்பட்டபோது பல சமூகத்தவரும் அதிர்ந்தது இதனால்தான்.

மூன்று சோதனையிலும் அந்தக் காரணம் தோற்றது. இலங்கை மருத்துவச் சங்கமும் சமுதாய மருத்துவ நிபுணர்களின் கல்லூரியும் அடக்கம் செய்யலாம் என்ற கருத்தைப் பகிரங்கமாக முன்வைத்தன. ஆனால் 2020 டிசம்பர் தொடக்கத்தில் உயர் நீதிமன்றம் அடிப்படை உரிமை மனுக்களை விசாரணைக்கு எடுக்காமல் தள்ளியிருந்தது. அடக்கத்துக்கான அனுமதி 2021 பெப்ரவரி இறுதியில்தான் வந்தது. முதலில் இரணைதீவைக் குறித்து, அங்குள்ள மக்கள் எதிர்த்த பின், மார்ச்சில் மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடியில் அடக்கங்கள் தொடங்கின. அரசாங்கத்தின் மன்னிப்பு 2024 ஜூலையில். வாதத்தில் நியாயம் வென்ற நாளுக்கும் நடைமுறையில் வென்ற நாளுக்கும் நடுவே இத்தனை குடும்பங்களின் துயரம் கிடக்கிறது. காரணம் தவறு என்று காட்டுவது ஒரு வேலை. அதிகாரம் உள்ளவரைக் கேட்க வைப்பது வேறு வேலை. இரண்டையும் ஒன்றாக எண்ணுகிறவர்களே ‘நியாயம் பேசிப் பயனில்லை’ என்று விரக்தி அடைகிறார்கள். நியாயம் பேசியிராவிட்டால் மன்னிப்புக் கேட்க எதுவும் இருந்திருக்காது.

சுருக்குவலை: பிரித்து எடுக்க வேண்டிய முடிச்சு

மூன்றாவது விடயம், கரைவலைக்காரருக்கும் சுருக்குவலைக்காரருக்கும் இடையிலான பிணக்கு, எளிதில் தீராதது. அதனால்தான் அதில் நியாயத்துக்கு வேலை அதிகம்.

கரைவலை கரையிலிருந்து இழுக்கப்படுவது. வள்ளத்தில் வலையைக் கொண்டுபோய் அரைவட்டமாக விட்டு, இரு நுனிக் கயிறுகளையும் கரையில் நிற்பவர்கள் இழுப்பார்கள். மீன் நடுவிலுள்ள பை போன்ற மடியில் சேரும். சுருக்குவலை கடலில் மீன் கூட்டத்தைச் சுற்றி வளைக்கும்; அடியிலுள்ள வளையங்களூடாக ஓடும் கயிற்றை இழுத்தால் அடிப்பக்கம் பையின் வாய்போல் மூடிக்கொள்ளும். கூட்டம் மொத்தமாக உள்ளே. சட்டம் இதற்கு அனுமதிப் பத்திரமும் நிபந்தனைகளும் விதிக்கிறது. சட்டம் சொல்வது ஒருபுறம் இருக்க, கரையில் நடக்கும் சண்டை அறம் பற்றியது: ‘சுருக்குவலைக்காரர் செய்வது அநியாயம்’.

‘சுருக்குவலை மீனை மொத்தமாக அள்ளுகிறது, ஆகவே அது பிழை.’ இந்த இரண்டு வாக்கியத்துக்கும் நடுவே ஒரு வாக்கியம் காணாமல் போயிருக்கிறது. நடப்பதைச் சொல்லும் கூற்றிலிருந்து நடக்க வேண்டியதைச் சொல்லும் கூற்றுக்கு அப்படியே தாவ முடியாது என்று தத்துவவாதி டேவிட் ஹியூம் 1740இல் எச்சரித்தது இதைத்தான். காணாமல் போன வாக்கியத்தைக் கடதாசியில் எழுதச் சொல்ல வேண்டும். எழுதச் சொன்னால் ஒன்றல்ல, மூன்று வரும். நாளைக்கு வேண்டியதை இன்று அழிப்பது பிழை. பொதுக் கடலில் தன் பங்குக்கு மேல் எடுப்பது பிழை. பிறர் காலங்காலமாகச் செய்யும் தொழிலைக் கெடுப்பது பிழை. ஒவ்வொன்றுக்கும் வேண்டிய சான்று வேறு. ஒன்று விழுந்தாலும் மற்றவை நிற்கலாம். ஆளுக்கொன்றை மனதில் வைத்துக்கொண்டு ஒரே சொல்லால் கத்துவதால்தான் கூட்டம் முடிவில்லாமல் கலைகிறது.

முதல் வாக்கியத்தை எடுப்போம். அதைச் சோதிக்க மீனை அளக்க வேண்டும். பிடிபட்டதில் கண்ணுக்குத் தெரிந்த பெட்டியை எடுக்காமல், கலந்து ஒரு பெட்டியைத் தெரிந்து, அதிலிருந்து 100 மீனை மூக்கு நுனியிலிருந்து வால் பிளவு வரை அளந்து, அந்த இனம் முதன்முறை சினை வைக்கும் நீளத்தோடு ஒப்பிட வேண்டும். அமாவாசையை ஒட்டியும் பௌர்ணமியை ஒட்டியும் வெவ்வேறு நாள்களில் எடுக்க வேண்டும். ஒருநாள் பிடிபாட்டை வைத்து எதையும் சொல்ல முடியாது. இங்கே ஒரு பொறி இருக்கிறது. 100 கிலோ மீனில் 10 கிலோ, தலா 10 கிராம் எடையுள்ள குஞ்சு என்று வைப்போம்; மிச்சம் 90 கிலோ, தலா 100 கிராம். நிறைப்படி குஞ்சு 10 சதவீதம். எண்ணிப் பார்த்தால் குஞ்சு 1000, பெரியது 900. அதாவது பாதிக்கு மேல் குஞ்சு. ஒரு தரப்பு ‘பத்து வீதம்தான்’ என்கிறது, மறுதரப்பு ‘பாதிக்கு மேல்’ என்கிறது. இரண்டும் உண்மை. எதை அளப்பது என்று முன்கூட்டியே ஒத்துக்கொள்ளாவிட்டால் ஒருவரையொருவர் பொய்யர் என்று ஏசிக்கொண்டு போவார்கள்.

அடுத்து, கொள்கையையே திருத்த வேண்டி வரும். ‘சிறு மீன் பிடிப்பது பிழை’ என்றால் நெத்தலி பிடிப்பதும் பிழையாகிவிடும். வளர்ந்த நெத்தலியே சிறியதுதான். அதைப் பிழை என்று யாரும் எண்ணுவதில்லை. ஆகவே கொள்கை ‘ஒருமுறையாவது சினை வைக்காத மீனைப் பிடிப்பது பிழை’ என்று மாறுகிறது. குறித்த தீர்ப்பால் கொள்கையைத் திருத்துவதும், திருந்திய கொள்கையால் மற்றத் தீர்ப்புகளைத் திருத்துவதுமாக மாறி மாறிச் செல்லும் இந்த முறையை அமெரிக்கத் தத்துவவாதி ஜோன் ரோல்ஸ் விரிவாக விளக்கினார். அவர் பெயர் தெரியாமலே கரையில் வலை இழுப்பை நடத்தும் அனுபவமுள்ள மன்றாடிகள் செய்துவருவதும் இதுவே.

திருந்திய கொள்கை இப்போது சொன்னவர் பக்கமும் திரும்பும். கரைவலையின் மடியும் சிறு கண் உடையதுதான். பாரைக் குஞ்சும் அதில் ஏறுகிறது. ‘சினை வைக்காத மீன்’ என்ற காரணத்தைக் கொண்டு சுருக்குவலையைக் குற்றம் சொல்லும் சம்மாட்டி (கரைவலைச் சொந்தக்காரர்), தன் மடியின் கண்ணையும் அதே அளவுகோலுக்கு உட்படுத்த வேண்டும். இது வாயடைக்கும் தந்திரம் ஆகிவிடக் கூடாது. ‘நீயும் செய்கிறாய்’ என்பதால் இருவர் செய்வதும் சரியாகிவிடாது. இருவருக்கும் ஒரே விதி என்பதே அதிலிருந்து கிடைப்பது.

மூன்றாவது வாக்கியமான ‘வழமையான தொழிலைக் கெடுப்பது பிழை’ என்பதும் இதே உரைகல்லுக்கு வரவேண்டும். நைலோன் வலையும் வெளியிணைப்பு இயந்திரமும் வந்தபோதும் பழைய தொழில்கள் நொடித்தன. அன்று ஏற்றவர்கள் இன்று எதிர்க்க, ‘வழமை’ என்பதற்கு மேல் ஒரு காரணம் காட்ட வேண்டும். காட்டலாம்: அன்று எவரும் கொஞ்சப் பணத்தில் மாறிக்கொள்ள முடிந்தது, இன்று முதலாளி ஒருவரால் மட்டுமே முடிகிறது என்று. அது உண்மையா என்பது மறுபடி கணக்குப் பார்க்கும் கேள்வி.

‘எல்லோரும் இப்படிச் செய்தால்?’ என்பது பழைய, நல்ல கேள்வி. ஜேர்மன் தத்துவவாதி இமானுவேல் காண்ட் 1785இல் அதற்கு ஒழுங்கான வடிவம் கொடுத்தார். பயன்படுத்தும்போது பிசகுவது செயலை விவரிக்கும் இடத்தில். ‘கடனில் மூழ்கிய ஒருவர், ஒரு பருவத்துக்கு மட்டும், இந்தக் குடாவில்’ என்று ஒடுக்கிச் சொன்னால் எதையும் நியாயமாக்கிவிடலாம். விவரிப்பில் இருக்க வேண்டியது, எந்த அம்சத்துக்காகச் செயல் நியாயம் என்று அவர் நினைக்கிறாரோ அது மட்டும். கடன்தான் காரணம் என்றால், ‘கடனுள்ள எவரும் செய்யலாம்’ என்று சொல்லிப் பார்க்க வேண்டும். இந்தக் கரையில் கடனில்லாத தொழிலாளி எத்தனை பேர்?

கடன் என்றதும் ஒரு விடயத்தை வலியுறுத்த வேண்டியிருக்கிறது. சுருக்குவலைப் படகில் பங்குக்குப் போகிறவர், நகையை அடகு வைத்து வலை வாங்கியவர், ‘இந்த முறை பிழை’ என்பதை ஏற்க மறுப்பதற்குப் பெரும்பாலும் காரணம் அறிவின்மை அல்ல. ஏற்றால் நாளைக்கே தொழில் போய்விடும் என்ற பயம். முறை சரியா என்பதும், மாறுவதற்கான செலவை யார் சுமப்பது என்பதும் இரண்டு கேள்விகள். இரண்டாவதற்கு நேர்மையான பதிலைத் தராமல் முதலாவதற்கு ஒத்துக்கொள் என்று கேட்பது நியாயமே இல்லை. மாற்றத்துக்கான காலம், வேறு வலைக்கான உதவி, கடன் தவணை இவற்றை முதலில் மேசையில் வைத்தால், அதுவரை மறுத்த பலர் தாங்களாகவே குஞ்சு மீனைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள்.

வெடி வைத்து மீன் பிடிப்பதை இத்துடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டம் அதைத் தடுக்கிறது. பவளப்பாறை நொறுங்கும் என்பதையும் கை கால் போகும் என்பதையும் அறியாதவர் இல்லை. பகிரங்கமாக ஆதரிப்பவரும் இல்லை. ஆனாலும் திருகோணமலைக் கடலில் அது நின்றபாடில்லை. சொந்தக்காரரைக் காட்டிக்கொடுக்க யாரும் முன்வருவதில்லை. அங்கே இன்னுமொரு விளக்கக் கூட்டம் வைப்பது வீண். வேண்டியது சாட்சி சொல்பவருக்குப் பாதுகாப்பு.

பிசகும் இடங்கள்

உளவியலாளர் ஜொனதன் ஹைட் 2001இல் முன்வைத்த வாதம், தீர்ப்பு உள்ளுணர்வில் முதலில் வந்துவிடுகிறது, காரணம் பின்னால் தேடப்படுகிறது என்பது. பல நேரங்களில் இது உண்மையே. காரணங்கள் ஒவ்வொன்றாக உடைபட்ட பின்னும் ‘எனக்குச் சொல்லத் தெரியவில்லை, ஆனால் பிழைதான்’ என்று நிற்பவர்களை எல்லோரும் கண்டிருக்கிறோம். இதற்கு மருந்து தனிமையில் அதிகம் யோசிப்பது அல்ல. ஆய்வாளர்கள் ஊகோ மெர்சியேயும் டான் ஸ்பெர்பரும் 2011இல் காட்டியதுபோல, மனிதர் தம் வாதத்தின் ஓட்டையைக் காண்பதில் மோசம், பிறர் வாதத்தின் ஓட்டையைக் காண்பதில் கெட்டிக்காரர். மாற்றுக் கருத்துள்ளவர் அதே அறையில் இருக்கும்போதே நியாயம் நன்றாக ஓடும். கரைவலைக்காரர் மட்டும் கூடிய கூட்டம், நுழையும்போது இருந்ததைவிடக் கூடிய கோபத்தோடு வெளியே வரும்.

தமிழ் இலக்கண மரபுக்கு இது புதிதல்ல. நன்னூல் நூலாசிரியருக்கு ஏழு மதம், அதாவது ஏழு வகைக் கொள்கை, சொல்கிறது. உடன்படல், மறுத்தல் என்பவற்றோடு நிற்காமல், பிறர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு பின் களைவதையும், இருவர் மாறுபட்ட இடத்தில் ஒரு பக்கம் துணிவதையும் தனித்தனி வகைகளாக வைக்கிறது. கூட்டத்தில் இதை நடைமுறைப்படுத்த ஒரு விதி போதும்: எதிர்த்தரப்பின் வாதத்தை அவர்களே ‘ஓம், அதைத்தான் சொன்னோம்’ என்று ஒத்துக்கொள்ளும்படி திருப்பிச் சொல்லாமல் யாரும் மறுக்கக் கூடாது. முதல் மணித்தியாலம் இதிலேயே போகும். போகட்டும்.

இன்னொரு பிசகு, பாதிக்கப்படுபவர் இல்லாமல் பாதிப்பை எடைபோடுவது. மீன் பிரித்துக் காயவைக்கும் பெண்களுக்குச் சிறு மீன் குறைந்தால் கருவாட்டு வருமானம் குறையும். சங்கக் கூட்டங்களில் அவர்களுக்கு நாற்காலி கிடைப்பது அரிது. அவர்கள் சொல்லாத வரை அந்தத் தகவல் யார் கணக்கிலும் ஏறாது.

மிஞ்சி நிற்பது

இவ்வளவும் செய்த பின்னும் ஏதோ மிஞ்சும். இன்றைய ஏழையின் பசிக்கும் பத்து வருடம் கழித்துக் கடலில் இருக்கப்போகும் மீனுக்கும் எந்த எடை கொடுப்பது என்பதில், எல்லாத் தகவலும் அறிந்த இரு நேர்மையான மனிதர் வேறுபடலாம். நியாயம் அங்கே விடையைத் தராது. வேறுபாட்டின் அளவைச் சொல்லும். அது தொடக்கத்தில் தோன்றியதைவிடச் சிறியது, அதனால் தாங்கக்கூடியது.

அந்த மிச்சத்துக்கு நடைமுறை வேண்டும். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்தியஸ்த சபை நல்ல மாதிரி: பெயர்ப் பட்டியலிலிருந்து ஒவ்வொரு தரப்பும் ஒருவரைத் தெரிவு செய்யும், அந்த இருவரும் தலைவராக மூன்றாமவரைத் தெரிவார்கள்; அவர்கள் தீர்ப்பைத் திணிக்க முடியாது, இணங்க வைக்கவே முடியும். ஆனால் பேரம் பேசி முடிப்பது வேறு, காரணம் ஏற்று இணங்குவது வேறு. களைப்பினால் பாதிப் பாதியாகப் பிரித்த உடன்படிக்கை அடுத்த பருவத்தில் உடையும்.

ஆகவே தற்காலிக விதி ஒன்றை, அது தற்காலிகம் என்று சொல்லியே எழுதுவது நல்லது. எந்தக் குடா, எந்த மாதங்கள், மடியின் கண் எவ்வளவு, எண்ணிக்கைப்படியா நிறைப்படியா அளப்பது, அளப்பது யார், மறுபரிசீலனை எந்தத் திகதி. அதோடு, இரு தரப்பும் தாம் எந்த முடிவைக் கண்டால் கருத்தை மாற்றுவோம் என்பதை அளவு தொடங்கும் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். முடிவு வந்தபின் கேட்டால் யாரும் மாற்றமாட்டார்கள். பதிவேடு இரண்டு பிரதி: ஒன்று கரைவலைச் சங்கத்தில், ஒன்று சுருக்குவலைக்காரரிடம். ஒவ்வொரு அளவுநாளும் இரண்டிலும் இரு தரப்பின் கையொப்பம் இருக்க வேண்டும்.